ஹார்டு டிஸ்க் போயிடுச்சா? ஃபார்மேட் கொடுத்துடாதீங்க!

ஓசூரில் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ். கல்யாண வீடியோவை காப்பி பண்ணித் தரும் ஸ்டுடியோவில் விண்டோஸ். ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இரண்டுக்கும் நடுவே அலையும். நேற்றுவரை திறந்த அந்த டிஸ்க், லினக்ஸை அப்கிரேடு செய்த மறுநாள் திறக்க மறுத்தால் வயிற்றைக் கலக்கும்தானே?

டிஸ்க் சாகாமலே இப்படி நடக்கும். விண்டோஸில் 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் டிஸ்க்கைப் பிடுங்கினால், 'வேலை பாதியில் நிற்கிறது' என்று அதற்குள் ஒரு குறி தங்கிவிடலாம். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற பழைய டிரைவர் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. 2021-ல் லினக்ஸ் 5.15-ல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 கறார் பேர்வழி. குறி இருந்தால் உள்ளே விடாது. அப்கிரேடில் இந்தப் புது டிரைவர் பொறுப்பேற்றிருக்கலாம்.

முதலில் கேபிளை மாற்றி, ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். 'டிஸ்க்ஸ்' செயலியில் டிஸ்க்கின் பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தால் பாதி நிம்மதி. பிறகு ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, டிரைவ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், 'செக்'. முடிந்ததும் மறக்காமல் சேஃப்லி ரிமூவ். அந்த விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் அணைத்துவிடுங்கள். ஷட் டவுன் செய்தும் டிஸ்க்கை முழுசாக விடாத ஆசாமி அது!

'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் இதில் எதையுமே செய்யாமல் உடனே கழற்றி, டேட்டா ரிக்கவரி செய்பவரிடம் கொடுங்கள்.