எனாமல் குதிரையும் மெருகுக் குதிரையும்

கலப்பு என்னும் சொல் நம் கலை விமர்சனத்தில் ஒரு விருதாகிவிட்டது. மட்கலக் கண்காட்சி பற்றி எழுதுவோர் எவரும் கீழைத்தேயமும் மேலைத்தேயமும் கைகோத்ததாக ஒரு வரி எழுதாமல் பேனாவை மூடுவதில்லை. அச்சொல்லின் மீது எனக்குப் பகையில்லை. அதை யாருக்கு வழங்குகிறோம், யாருக்கு மறுக்கிறோம் என்பதில்தான் வழக்கு.

புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971இல் தொடங்கியது. டெபோரா ஜப்பானின் பிசென் நகரில் தொழில் பயின்றவர். 1300 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இறுகும் ஸ்டோன்வேர் தென்னகக் குயவர் மரபில் இல்லாதது. அங்கே கற்றவர்கள் இன்று இந்தியாவெங்கும் சூளை வைத்திருக்கிறார்கள். 1980களில் மீக்கர் பச்சை மண்ணால் வீடு எழுப்பி, அதன் வயிற்றில் செங்கல் அடுக்கித் தீயிட்டு, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சிகளோடு உறவுடைய சோதனை அது. இவற்றைக் கலப்பு எனப் போற்றுவதில் குறையொன்றும் காணேன்.

இவை நம்முடையவை அல்ல என்று முகஞ்சுளிக்கும் தூய்மைவாதிக்கு அரிக்கமேடு போதும். அதே புதுச்சேரிக்குத் தெற்கே வீலர் 1945இல் அகழ்ந்தபோது உரோமச் சாடிகளும் இத்தாலியத் தட்டுகளும் கிடைத்தன. உடன் கிடைத்த, உட்புறத்தில் நுண்வடுக்கள் சுற்றிய ‘ரௌலட்டட்’ வட்டில்களையும் அவர் மத்தியதரைக்கடல் வழி வந்தவை என்றே கொண்டார். விமலா பெக்லி முதலிய பின்னையோர் அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்று காட்டினர். நுட்பம் கடல் கடந்து வந்திருக்கலாம், கை இங்குள்ளது. நேர்த்தியாக இருந்தால் வெளியிலிருந்துதான் வந்திருக்கும் என்னும் எண்ணமோ வீலரோடு போய்விடவில்லை.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்புக்குப் பிடிமண் பெற்று வேளார் செய்யும் ஐயனார் குதிரையைப் பாருங்கள். மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்த மண், உருளையாக எழுப்பிய கால்கள், வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுட்ட உடல். பிறகு கடையில் வாங்கிய எனாமலை அடிக்கிறார், நீலமும் இளஞ்சிவப்புமாக. காவல் வீரனுக்குத் துரைத் தொப்பியும் துப்பாக்கியும் தருகிறார். உடனே நம் விமர்சகருக்குக் கண் கூசுகிறது, மரபு கெட்டுவிட்டதாம்! அதே குதிரையை நகரத்துக் கலைஞர் ஜப்பானிய மெருகேற்றிக் கண்ணாடிப் பேழையில் நிறுத்தினால் அது பண்பாடுகளின் உரையாடல். எனாமல் உரிந்துவிடும் என்பார்கள். உரியத்தான் செய்யும், அடுத்த புரவி எடுப்பில் புதுக்குதிரை வரும். நிலைத்திருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் தேவை, ஐயனாரின் தேவையன்று.

இந்த ஓரவஞ்சனையில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. கிள்ளிவளவனுக்குத் தாழி வனையும் வேட்கோவை விளித்து ஐயூர் முடவனார் பாடிய புறப்பாட்டை (228) ஆண்டுதோறும் நடத்துகிறோம். பாடினவர் பெயர் உண்டு, இறந்தவன் பெயர் உண்டு, விளிக்கப்பட்டவனுக்குப் பெயரில்லை. மாணவர் அதைக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. எங்கள் கொல்லிமலையில் ஆடிதோறும் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. கொடுத்தவனுக்கு மேடை, அவனைப் பாடிய வன்பரணருக்குப் பாடநூல். வனைந்தவனுக்கு?

வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்ததே என்று யாரேனும் எழக்கூடும். மகிழ்ச்சிதான். ஒரு பெயரைக் காட்டி ஊர்தோறும் உள்ள வேளார் கணக்கை முடித்துவிட முடியாது.

கண்காட்சிக் குறிப்பு எழுதும் நண்பர்களே, ஐயனார் குதிரையின் தாக்கம் என்று எழுதுமிடத்தில் அது எந்த ஊர்க் குதிரை, எந்த வேளார் செய்தது என்பதையும் சேர்த்தெழுதுங்கள். பிசென் என்று ஊர்ப்பெயர் சொல்ல மட்டும் தெரிகிறதல்லவா?