ஐம்பது ரூபாய் சோப்பும் ஏழாண்டு சிறையும்

'திருடினால் பத்து மடங்கு அபராதம்' என்ற அட்டையைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படி அபராதம் போட எந்தச் சட்டமும் கடைக்காரருக்கு அதிகாரம் தரவில்லை. குற்றத்துக்கு அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை.

திருட்டு என்றால் என்ன? பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு சொல்கிறது: அடுத்தவர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு நகர்த்துவது. நோக்கம் இல்லையென்றால் திருட்டே இல்லை.

ஆனால் நோக்கத்தைக் கடையில் எதை வைத்து அளக்கிறார்கள்? காரில் வந்திறங்குபவரின் பையையும், கல்வராயன் மலையிலிருந்து பஸ் ஏறி ஆத்தூர் கடைவீதிக்கு வரும் பழங்குடிப் பெண்ணின் பையையும் ஒரே கண்தான் பார்க்கிறதா? சட்டம் நோக்கத்தைத் தேடச் சொல்கிறது. சாதிச் சமூகம் உடையையும் நிறத்தையும் பேச்சையும் பார்த்தே தீர்ப்பெழுதி விடுகிறது.

அடுத்த சூழ்ச்சி பிரிவு எண்ணில் இருக்கிறது. திருடுபோனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை, பொருளும் திருப்பித் தரப்பட்டது என்றால் 303(2)இன்படி தண்டனை சமூக சேவைதான். பிடியாணை இல்லாமல் போலீஸ்கூட இதில் கைது செய்ய முடியாது. அதே ஐம்பது ரூபாய் சோப்புக்கு, கடையைப் 'பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடம்' என்று காட்டி 305ஆம் பிரிவைப் போட்டால் ஏழாண்டு வரை சிறை. 5,000 ரூபாய்ச் சலுகை அந்தப் பிரிவில் இல்லை. சோப்பு ஒன்றுதான். எந்த எண் விழும் என்பது, காவல் நிலையத்தில் நமக்காகப் பேச யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இது புதிதல்ல. 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம், செயலைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்தே குறவர் உள்ளிட்ட சமூகங்களைத் திருடர்கள் என்றது. சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த சுகன்யா சாந்தா வழக்கில், சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சந்தேகத்தின் விலையை அட்டப்பாடியில் பார்த்தோம். கடைகளில் அரிசி திருடியதாகச் சொல்லி, 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற ஆதிவாசி இளைஞரின் கைகளைக் கட்டி அடித்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். மது இறந்துபோனார். 2023இல் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

ஆகவே சட்டச் சொற்களைக் கற்போம். தீர்ப்பு வரும்வரை எவரும் 'திருடர்' அல்லர், 'குற்றம் சாட்டப்பட்டவர்' மட்டுமே. கடைக்குள் அடைத்து வைப்பது 'சட்டவிரோதச் சிறைவைப்பு'. மிரட்டிப் பணம் வாங்குவது 'மிரட்டிப் பறித்தல்'. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடுத்த முறை நம் ஊர்க் கடையில் ஒருவரைச் சுற்றிக் கூட்டம் கூடினால், வேடிக்கை பார்க்காமல் கேட்போம்: எந்தப் பிரிவு? என்ன ஆதாரம்?