கரும்பச்சை பலமல்ல

சீகிரியாவைச் சுற்றியுள்ள குளத்து வயல்களிலும் சரி, மட்டக்களப்பு வெளிகளிலும் சரி, நெல் எவ்வளவு கரும்பச்சையோ அவ்வளவு பலம் என்று நம்புகிறார்கள். இலையில் எரிபந்த நோய்ப் புள்ளி கண்டாலும், பயிர் மெலிந்துவிட்டதென்று இன்னும் கொஞ்சம் யூரியா எறிகிறார்கள். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து, வயல்கள் மஞ்சளித்ததைப் பார்த்தபின் இந்த எண்ணம் இறுகிப்போனது. அந்தத் தடை விவசாயிக்குச் செய்தது கொடுமை. யூரியா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் கண்ட வயலுக்கு யூரியா எறிவது நோய்க்கே சோறு போடுவது.

ஆய்வுகளை மேலோட்டமாக வாசித்தால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைத்ததுபோலத் தோன்றும். எரிபந்தப் பங்கசு, அமோனியம், குளுட்டமைன் ஆகிய நைதரசன் தீனிகள் தாராளமாகக் கிடைக்கும்வரை நைத்திரேற்று போன்றவற்றைப் பயன்படுத்தும் மரபணுக்களை மூடியே வைத்திருக்கும். அவை வற்றினால் நட்1 என்ற கட்டுப்பாட்டு மரபணு மற்றவற்றைத் திறந்துவிடும். நீர் ஒட்டாத இலையில் தொற்றுறுப்பு அமைய உதவும் எம்பிஜி1 மரபணுவும் நைதரசன் பட்டினியில் விழித்துக்கொள்வதை 1993இல் டால்பொட், எபோல், ஹேமர் ஆகியோர் காட்டினார்கள். அப்படியானால் நைதரசன் தீனியான யூரியாவைப் போட்டால் பங்கசு அடங்கிவிடுமா?

அடங்காது. பங்கசின் வித்தி பனித்துளியில் முளைத்து, தன்னுள் இருக்கும் சேமிப்பைக் கொண்டே இலையைத் துளைக்கிறது. வேரடியில் விழும் யூரியா அந்த வேளையில் அதன் பட்டினியைத் தீர்ப்பதில்லை. நட்1 நீக்கப்பட்ட பங்கசுகூட நெல்லில் நோயை உண்டாக்கியதாக 1996இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு மரபணுவை வைத்து வயலுக்குத் தீர்ப்பெழுத முடியாது.

உள்ளே நுழைந்தபின் நடப்பதுதான் விவசாயியின் வயிற்றில் அடிக்கிறது. நைதரசன் மிகுந்த நெல்லில் பயிரின் தற்காப்பு நன்றாகவே இயங்கியும், பங்கசின் தாக்கும் மரபணுக்கள் அதைவிட வேகமெடுத்ததை 2017இல் வந்த ஆய்வொன்று கண்டது. இலையில் சேரும் குளுட்டமைனுக்கு அதில் பங்குண்டு. யூரியா மிகுந்தால் பயிர் நெருங்கி வளரும், இலை மென்மையாகும், மார்கழிப் பனியும் காலையில் சீக்கிரம் உலராது. நோய் கதிர்க் கழுத்தில் ஏறினால் மிஞ்சுவது பதர்.

புள்ளி கண்டதும் மேற்கட்டுப் பசளையை நிறுத்துங்கள். இலையைப் பிடுங்கிக்கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். நோயற்ற வயலிலும் இலை வர்ண அட்டையை வைத்துப் பார்த்து, பசளையைப் பிரித்துப் பிரித்து இடுங்கள். பக்கத்து வயல் உங்கள் வயலைவிடக் கறுத்திருந்தால் இருக்கட்டும்.