ஈடு இல்லாதவள் யார்?

பெண்களுக்குத் தொழிற்கடன் வழங்க வங்கிகள் தயங்குவதேன் என வினவுவோர்க்கு ஆயத்தமான விடையொன்றுண்டு: ஈடு வைக்க அவளிடம் சொத்தில்லை. வேறெங்கேனும் இவ்விடை பொருந்தலாம். கல்முனைக் கரையோரத்தில் அது பொருந்தாது.

மருதமுனை, சாய்ந்தமருது முதலான ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு மணம் பேசும் பெற்றோர் முதலில் எண்ணுவது அவளுக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய வீட்டையே. மணமகன் அங்கு வந்து குடிபுகுவான். (சீதன வழக்கின் கொடுமைகள் தனியே பேசத்தக்கவை.) மனைவியின் சொத்து மனைவிக்கே என்பதில் இஸ்லாமியச் சட்டத்துக்கும் ஐயமில்லை. கதீஜா நாயகியார் தம் முதலைக் கொண்டு வணிகம் நடத்திய வரலாற்றை இவ்வூர்களில் அறியாதார் இலர்.

அவ்வாறாயின் அந்த ஈடு எங்கே போயிற்று? ஒரு பகுதியைக் கடல் கொண்டது. இன்னொரு பகுதியைப் படிவம் கொண்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பின்னர் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு, ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்திலே கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்குத் தலைமுறைகளாய்ச் சென்ற உடைமை ஒரு பேனா முனையிற் கைமாறிற்று. அத்தகையவள் வங்கிக்குச் செல்வாளாயின், தன் வீட்டுக்கே கணவனின் கையொப்பத்தை இரந்து நிற்கவேண்டும்.

அதற்கு மாற்றாக அவளுக்கு நீட்டப்பட்டதுதான் நுண்கடன். மருதமுனையிலே தறி வைத்திருக்கும் ஒருத்தியை எண்ணிப் பார்க்கட்டும். நூல் வாங்கிச் சாயமிட்டு, பாவோட்டி, சாரம் நெய்து, விற்றுக் காசைக் காண வாரங்கள் பல செல்லும். தவணைக்காரரோ அடுத்த வாரமே வாசலில் நிற்பார். கடன் பணத்திலிருந்தே முதல் தவணையைக் கட்டுபவள் எதைக்கொண்டு நூல் வாங்குவாள்? 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வரவேண்டியதாயிற்று. நுண்கடனுக்கு அப்போது விதிக்கப்பட்ட வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு 35 வீதம்! இவ்வட்டியைத் தாங்கும் இலாபம் எந்தத் தறியில் விளையும்? இதனைப் பெண்ணின் மேம்பாடு என்போர், தம் கடைக்கு இவ்வட்டியில் ஒருநாளேனும் கடன் வாங்குவரா?

வீட்டையே ஈடு வைக்கட்டும் என்பதன்று வாதம். தாயின் வீடு ஏலம் போனால் மகளின் மணமும் தடைப்படும். தறியையும் நூலிருப்பையும் கடைக்காரர் தந்த கட்டளையையும் பார்த்து வங்கிகள் கடன் வழங்கட்டும். தவணை, துணி விற்ற பின்னர் தொடங்கட்டும். கடற்கோளுக்குப்பின் எழுந்த வீடுகளின் ஆவணங்களில் மனைவியின் பெயரைச் சேர்ப்பதற்கோ எந்த வங்கியும் முதல் தரவேண்டியதில்லை. அரச அலுவலகத்து மேசையிலேயே அது முடியும்.