வண்டிற்கொட்டிலும் தலைவாசலும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே எம்மூரவர் ஒருவர், சுருட்டிய வரைபடமொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கொழும்பிலே முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியியலாளராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். எஞ்சிய காலத்தைப் பாட்டனார் கட்டிய வீட்டிலே கழிப்பதென்று முடிவுசெய்து, அவ்வீட்டைத் திருத்தும் வேலையைத் தொடங்கவிருக்கிறார். "பண்டிதர், நல்ல நாள் ஒண்டு பாத்துத் தரவேணும். தலைவாசலை இடிக்கிறதிலைதான் தொடங்கப்போறம்" என்றார். நாள் பார்ப்பது என் தொழிலன்று என்பதை அவரும் அறிவார். ஆயினும், ஊரிலே பண்டிதன் என்று ஒருவன் இருந்தால் பஞ்சாங்கமும் அவன் கையிலே இருக்கவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது.

தலைவாசலை ஏன் இடிக்கவேண்டும் என்று வினவினேன். விடை கூறாமல் வரைபடத்தை விரித்தார். தலைவாசலும் இரு திண்ணைகளும் இருந்த இடத்திலே பெரியதொரு சதுரம் வரைந்து, அதனுள்ளே 'கராஜ்' என்று எழுதப்பட்டிருந்தது. அதற்கு மேலே கொங்கிறீற்றுத் தட்டு. தட்டின்மேல் இரண்டு அறைகள். "காருக்கு இடம் வேணுமெல்லே?" என்றார்.

அக்கார் சாதாரணக் காரன்று. ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் பெயருடையது. இருவர் மாத்திரம் இருந்து செல்லும் ஸ்போட்ஸ் கார். 1958 ஆம் ஆண்டு மே மாதத்திலே மொன்ரி கார்லோவில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பெற்றது. முன்விளக்கிரண்டும் மூடியின்மேற் பிதுங்கி நிற்றலின், ஆங்கிலேயர் அதனைத் தவளைக்கண் என்று செல்லமாக அழைப்பர். கதவுகளுக்கு வெளிக் கைப்பிடி இல்லை. பின்புறத்திலே பெட்டி வைப்பதற்குத் திறக்கும் மூடியும் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னாலே குனிந்து நுழைத்தே பொருள்களை வைத்தல்வேண்டும். இத்தனை குறைகளும் அதன் காதலர்க்கு நிறைகளாகவே தோன்றுகின்றன. காதலின் இயல்பு அஃதாகலின் அதுபற்றி யான் வாதிடுவதற்கில்லை.

நம்மவர் அக்காரைத் தம் வாலிபத்திலே மலைநாட்டுத் தோட்ட அதிகாரி ஒருவரிடம் வாங்கினாராம். இளைப்பாறுவதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளும் ஓய்வுநாள்களிலெல்லாம் அதனைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார். ஒரு போல்ற்றுக்காக மூன்று மாதங் காத்திருந்தேன் என்றார். கடையிலே கிடைத்தது மீற்றர்ப் புரியாம்; காரிலே இருந்தது அங்குலப் புரியாம். துளையைப் பெருப்பித்து வேறொன்றைப் பூட்டிவிடலாம் என்று வேலையாள் கூறியபோது, அவனைத் திட்டி அனுப்பிவிட்டாராம். வர்ணமும் தொழிற்சாலை பூசிய அதே வர்ணம். "எல்லாம் அசல், பண்டிதர்" என்றார். அரைமணி நேரப் பேச்சிலே 'அசல்' என்ற சொல் பத்து முறையேனும் அவர் வாயில் வந்திருக்கும்.

பின்பு வீட்டைப் பற்றிப் பேசினார். பனஞ்சிலாகையைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாய் போடலாம். ஓட்டை இறக்கிவிட்டுத் தகடு போடலாம். முதிரைக் கதவுகளுக்குக் கொழும்பிலே நல்ல விலை உண்டு. முற்றத்தை மூடிக் கூடமாக்கலாம். அந்தப் பேச்சிலே 'அசல்' என்ற சொல் ஒருமுறையேனும் வரவில்லை.

இதுவே என்னை எழுதத் தூண்டியது. அறுபத்தைந்து ஆண்டு வயதுடைய பிறநாட்டு இயந்திரமொன்றின் ஆணிக்கு உள்ள மரியாதை, நூறாண்டு வயதுடைய நம் வீட்டின் வளைக்கு இல்லாமற் போனது எவ்வாறு? அவர் கல்லாதவரல்லர், கல்நெஞ்சினரும் அல்லர். பழையது ஒன்றைப் பழுதுபார்ப்பது எப்படி என்பதை என்னிலும் ஆயிரம் மடங்கு அறிந்தவர். அந்த அறிவு காரின் கதவோடு நின்றுவிட்டது.

அவ்வீடு எம்மூரிலே எஞ்சியுள்ள நாற்சார் வீடுகளுள் ஒன்று. சார் என்பது பக்கம். நடுவே வானம் பார்த்த முற்றமும், சூழ நாற்புறமும் விறாந்தையும் அறைகளுமாய் அமைவது நாற்சார். சுவர், சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்திலே வைத்துக் கட்டியது. கூரைக்கு வைரம் பாய்ந்த பனையிலே வளையும் சிலாகையும். மேலே பீலி ஓடு. முன்புறத்தே தலைவாசல். கலியாணப் பேச்சு நடந்ததும், காணி வழக்கு இணங்கியதும், அவருடைய தகப்பனாரை இறுதியாகக் கிடத்தியதும் அங்கேதான். தெருவோரத்திலே சங்கடப்படலை இருக்கிறது. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று கூரை வேய்ந்து கட்டும் படலை அது. அப்பெயர் வந்த காரணத்தைப் பலர் பலவாறு கூறுவர். யான் அதனுட் புகவில்லை.

இப்பொழுது அவ்வீட்டிலே வாழ்பவர் அவருடைய தமக்கையார். எண்பதை அணுகியவர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்விலே ஊரோடு தென்மராட்சிக்குச் சென்று, மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது மேற்குச் சாரின் கூரை சரிந்து கிடந்தது. கிடுகினால் அதனை மூடி, மழைக்கு மழை மாற்றி, பின்னர் சிறுகச் சிறுக ஓடு வாங்கிப் போட்டவர் அவர். மாலையிலே தலைவாசற் திண்ணையின் வலப்பக்கத்திலே இருப்பார். தெருவாற் போவோர் அனைவரும் அவரோடு ஒரு வார்த்தை பேசியே போவர். வரைபடத்திலே அவருக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. பின்புறத்திலே, சமையலறைக்கு அருகிலே. திண்ணைக்குப் பதிலாக ஒன்றும் வரையப்படவில்லை.

பிறர் செய்யும் பிழையைச் சுட்டுமுன் என் பிழையைச் சொல்லிவிடுதல் முறை. 2002 இலே கண்டிவீதி திறந்து சீமெந்து தாராளமாக வந்த காலத்து, யானும் என் பேரனாரின் வீட்டிலே முன்பக்கத்தை இடித்துக் கொங்கிறீற்றுத் தட்டு வார்த்தேன். எஞ்சிய சுவர்களுக்குச் சீமெந்து பூசினேன். மினுமினுவென்று இருந்தது; அயலார் புகழ்ந்தனர்; யானும் மகிழ்ந்தேன். மூன்றாம் மாரியிலே சுவரில் உப்புப் பூக்கத் தொடங்கியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலிலே வெளிவிடும். அதன்மேற் சீமெந்தைப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிக் கல்லை அரிக்கும். இதனை எனக்குப் பிற்காலத்திலே விளக்கியவர் எழுபது வயதான மேசன் ஒருவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். கொங்கிறீற்றுத் தட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சித்திரையிலே அதன் கீழிருந்து மாணாக்கரின் விடைத்தாள் திருத்துவது ஒருவகைத் தவம். பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அது இரவெல்லாம் கக்குகின்றது. பேரனார் ஓட்டின் கீழே கைவிசிறியோடு நிம்மதியாக உறங்கினார்.

என் தொழில் பழைய நூல்களைக் கற்பித்தல். ஆதலால் இவ்விடயம் எனக்குப் பதிப்புத் தொழிலையே நினைவூட்டுகின்றது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கி, 1887 இலே கலித்தொகையை அச்சிட்டார். ஏட்டிலே ஓர் அடி சிதைந்திருந்தால் பதிப்பாசிரியன் செய்யத்தக்கது யாது? பிற ஏடுகளைப் பார்ப்பான். கிடைத்த பாடத்தை வைப்பான். கிடையாதவிடத்துச் சிதைந்தது என்று குறிப்பான். ஓர் அடி போயிற்று என்பதற்காகப் பாட்டையே நீக்கிவிட்டுத் தானொன்று பாடிச் சேர்ப்பானாயின், அவனை நாம் பதிப்பாசிரியன் என்போமா? மேற்குச் சாரிலே நான்கு வளை உளுத்துவிட்டன என்பது மெய். நான்கு வளையை மாற்றுதல் திருத்தம். நான்கு வளைக்காக நாற்சாரையும் சாய்த்தல் வேறு.

இதனாற் பழையது அனைத்தும் நல்லது என்று யான் சொல்வதாகக் கொள்ளற்க. அவ்வீட்டிலே மாற்றவேண்டியவை உண்டு. இரவிலே முதியவர் ஒருவர் கைவிளக்கோடு வளவின் கோடிக்கு நடந்து மலசலகூடம் செல்லவேண்டும் என்பது பண்பாடன்று, இடும்பை. அதனை வீட்டோடு சேர்த்துக் கட்டுக. அடுக்களைப் புகையிலே கண் கெட்ட பெண்டிர் எத்தனை பேர்! அதனையும் மாற்றுக. நிலைப்படிகளின் உயரத்தைக் குறைத்தோ சாய்தளம் இட்டோ காலிடறாமற் செய்க. ஆனால், இளைப்பாறுவோர்க்கென்று திருத்தும் வீட்டிலே மாடி எதற்கு? அறுபதிலே ஏறிவிடலாம், எண்பதிலே அம்மாடி எலிக்கும் வௌவாலுக்கும் ஆகும். நாற்சார் வீடு முழுவதும் ஒரே தளத்திலே அமைந்தது. முதுமைக்கு இதனினும் ஏற்ற வீடு யாது?

மாற்றம் என்பது நமக்குப் புதியதும் அன்று. 1990 க்குப் பின் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காட்டி என்ஜினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். அப்புகையைச் சுவாசித்துக்கொண்டே யான் பரீட்சை எழுதப் போனேன். அன்றைய வேலையாட்கள் அசலைப் பற்றிக் கவலைப்படவில்லை. நோயாளி வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதே அவர்கள் கவலை. வேண்டியதை மாற்றினர், வண்டியை உடைக்கவில்லை. அவ்வண்டிகளுள் சில இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றனவே.

இனிக் கார் விடும் இடத்துக்கு வருவோம். அந்த ஸ்பிறைற்றின் நீளம் பதினொன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. அகலம் நாலரை அடிக்கும் உட்பட்டது. துவிச்சக்கரவண்டி வைக்கும் கொட்டிலிலேயே ஒருவன் நிறுத்திக்கொள்ளக்கூடிய மலிவான காராக இருக்கவேண்டும் என்பதே அதனை ஆக்கியோரின் எண்ணமாம். இதனை எனக்குச் சொன்னவரும் நம்மவரே, பெருமையோடு சொன்னார். இத்துணை அடக்கமான வண்டிக்கு இடங்கொடுக்க நூறாண்டுத் தலைவாசல் எழுந்து போகவேண்டுமா?

அவ்வளவின் வடபுறத்திலே வண்டிற்கொட்டில் ஒன்று இருக்கிறது. பாட்டனாரின் திருக்கல் நின்ற இடம். பனங்குற்றித் தூண்கள்; ஓட்டுக் கூரை; நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய தரை. சங்கடப்படலையால் வண்டில் நுழையாதாகலின், வேலியின் வடகோடியிலே வண்டிற்பாதை தனியே விட்டிருக்கிறார்கள். நம் முன்னோர் வாகனத்தை மறந்து வீடு கட்டியவர்களல்லர். அதற்குரிய இடத்தை அதற்குக் கொடுத்தார்கள். மனிதர் வந்து இருக்கும் இடத்தை மனிதருக்கு வைத்தார்கள்.

காருக்கும் அவ்விடமே நன்று என்று துணிந்து சொல்வேன். ஸ்பிறைற் தனிச்சட்டம் இன்றி உடலையே சட்டமாகக் கொண்டு செய்யப்பெற்றது. கதவின் கீழுள்ள தகட்டிலே துருவேறினால் முழு வண்டியும் தளரும் என்று அவரே சொன்னார். அத்தகைய வண்டியை நாற்புறமும் அடைத்து இரும்பு மூடி இழுத்துப் பூட்டிய அறையிலே மாரிகாலம் முழுவதும் வைத்திருந்தால் ஈரம் எங்கே போகும்? என் சுவரின் கதையே அதற்கும் ஆகும். காற்றோட்டமுள்ள கொட்டிலிலே, காய்ந்த தரையிலே, மேலே ஒரு துணி போர்த்து வைத்தால் போதும். மழைச்சாரலுக்குக் கிடுகுத் தட்டி கட்டிக்கொள்ளலாம். அணில் மின்கம்பியைக் கடிக்கும் என்பது உண்மையே. அதற்கு வேறு உபாயம் தேடவேண்டும். தென்னையின் கீழே மட்டும் நிறுத்தற்க.

இவற்றையெல்லாம் அவரிடம் ஒரே மூச்சிலே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, காருக்கு வாங்கின போல்ற்றைப் போல ஒரு பனஞ்சிலாகைக்கும் மூண்டு மாதம் பொறுக்கேலாதே?" என்று கேட்டேன். சிரித்தார். பொறியியலாளர் ஆகையால், பழைய பனை இனி எங்கே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமானது. போர்க்காலத்திலே காவலரண்களுக்கென்று தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. வைரம் பாய்ந்த மரத்தை இனித் தேடித்தான் எடுக்கவேண்டும். இடிந்து கிடக்கும் வீடுகளிலே உழுத்துப்போகாத வளைகள் இன்னும் கிடக்கின்றன, சில விறகாகின்றன. அவற்றை விலைகொடுத்து வாங்கலாம் என்றேன். அங்குலப் புரி போல்ற்றைத் தேடிய அதே பொறுமை இதற்கும் போதும்.

அன்று மாலை இருவருமாக அவ்வீட்டுக்குச் சென்றோம். தமக்கையார் வழமைபோலத் திண்ணையிலே இருந்தார். இடிப்புச் செய்தி அவருக்கு முன்பே தெரியும். தம்பியின் விருப்பத்துக்கு மாறாக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். வண்டிற்கொட்டிலைப் பற்றி யான் எடுத்துச் சொன்னபோது, "அப்பு திருக்கல் விட்ட இடந்தானே, தம்பி கார் விட்டால் என்ன?" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

வருகின்ற வெள்ளிக்கிழமை அவர் அளவுநாடாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாள் பார்த்துத் தருமாறு மறுபடியும் கேட்கவில்லை. கொட்டில் முழுவதும் காவோலையும் கொக்கறையும் பொச்சுமட்டையுமாக நிறைந்து கிடக்கின்றது. அதற்குமுன் அவற்றை எடுத்து ஒதுக்குவதற்கு என் மாணாக்கர் இருவரை அனுப்புவதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.