மட்டை அறிந்து ஆடுக

நம்மிடம் முன்னர்ப் பயின்று, இப்போது நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்க்கும் அன்பரொருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். கோல்ப் ஆடத் தொடங்கி ஓராண்டே ஆன அவர், உலக வீரர் பலர் கையாளும் மெல்லிய அயன் மட்டைகளை வாங்கவெனப் பல மாதச் சேமிப்பை ஒதுக்கி வைத்திருந்தார். "வாங்கலாமா, ஐயா?" என்றார். "வேண்டாம், தம்பி" என்றோம். ஒருகால் நாமும் அத்தகைய மட்டைகளை வாங்கி, ஈராண்டு மனம் நொந்தவரே.

மெல்லிய மட்டையின் நடுவிடத்திற் பந்து படின் இன்பமே; சற்று விலகிப் படினோ தூரமுங் கெடும், திசையுங் கெடும். பின்புறங் குடையப்பெற்று, எடை ஓரங்களுக்குப் பகிரப்பட்ட மட்டையோ பிழைத்த அடியிலும் அதிகந் திரும்பாது. கற்போனுக்கு அதுவே உற்ற துணை.

இனி, குறுந்தூரத்துக்குரிய வெட்ஜ் மட்டைகள். இவற்றைப் பெயரால் அன்று, முகச் சாய்வால் தெரிதல் வேண்டும். இக்காலத்து பிட்ச்சிங் வெட்ஜ் பல 44 பாகை அளவிலேயே அமைகின்றன. மணற்குழிக்குரியது பெரும்பாலும் 56 பாகை. இடையே 12 பாகை வெளி கிடத்தலால், 50 பாகையில் ஒன்று இருப்பின் தூரங்கள் ஒழுங்குபடும். ஆயின் 14 மட்டைகளுக்கு மேற் கொண்டு செல்ல விதி இடந்தராது. பை நிறைந்திருப்பின் ஒன்றைச் சேர்க்க ஒன்றை விலக்கல் வேண்டும்.

அடிப்புறத்தையும் நோக்குக. அமெரிக்க வீரர் ஜீன் சரசென், மட்டையின் அடியில் ஈயப்பற்று வைத்துத் தடிப்பாக்கி, அது மணலிற் புதையாது வழுக்கிச் செல்லும் வகை கண்டார். 1932இல் இங்கிலாந்தில் நடந்த ஓப்பன் போட்டியில் அம்மட்டையுடன் ஆடி வென்றார். முன்விளிம்பினும் அடிப்புறம் தாழ்ந்திருக்கும் இவ்வளவைப் 'பவுன்ஸ்' என்பர். இளகிய நிலத்துக்கும் மென்மணலுக்கும் அது மிகுதல் நன்று. இறுகிய தரைக்குக் குறைதல் நன்று. மழை மிகுந்த மலைநாட்டில் ஆடும் நம் அன்பருக்கு முன்னதே ஏற்றது.

எதனையும் வாங்குமுன் நண்பரிடம் இரவல் பெற்று, ஒவ்வொரு மட்டையும் எத்தனை யார் செல்கின்றதெனக் குறித்துக்கொள்க. பழைய மட்டையாயினும் பொருந்தின் போதும். மிஞ்சும் பணம் பயிற்சிக்கு உதவும்.

வகுப்பறையிலும் நாம் காண்பது இதுவே. தன் நிலையை ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற நூலை எடுப்பவனே அடுத்த படியில் ஏறுகின்றான். அன்பர் சிறிது முகம் வாடியே விடைபெற்றார். அடுத்த முறை வரும்போது எம்மட்டையுடன் வருவாரெனக் காத்திருக்கின்றோம்.