சோறு கொடுத்தால் போதுமா?

பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களில் பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்க, மறதிநோய் கண்ட தாயோ தந்தையோ சொந்த வீட்டில் தனியே இருப்பது இன்று அபூர்வமில்லை. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம். இவர்களுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்டால் வல்லாரை, வால்நட், மஞ்சள் என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், அந்தப் பட்டியல்களால் பயனில்லை.

மறதிநோயில் உடல் மெலிவது பரவலாகக் காணப்படுகிறது. நோய் கண்டறியப்படும் முன்பே சிலருக்கு எடை குறையத் தொடங்கிவிடும். வீட்டில் மளிகைக்குக் குறைவிருக்காது. ஆனால், நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த அரிசியும் பருப்பும் சாதத்தில்கூட எதற்குப் பின் எது என்ற வரிசை குலைந்துபோகும். தாளித்த வாணலி அடுப்பிலேயே கிடக்கும். மோப்பம் மங்குவதால் ஊசிப்போன குழம்பு தெரியாது. தாகம் எடுப்பதும் தெரியாது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி ஆள் தடுமாறும்போது, அதையும் மறதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மெஸ்ஸில் சொல்லிவைத்தால் கேரியர் வருமே, போனில் நினைவூட்டலாமே என்பார்கள். வந்த கேரியர் திறக்கப்படாமலே மாலைவரை இருக்கலாம். “சாப்டியாம்மா?” என்று கேட்டால் “சாப்புட்டேன் கண்ணு” என்று பதில் வரும். அது பொய்யல்ல, சாப்பிட்டதாகவே அவர் நம்புகிறார். எதிரே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டால், அவரைப் பார்த்துக் கை தானாகச் சோற்றைப் பிசையும். கண்ணுக்குத் தெரிவதும் முக்கியம். நோய் முற்றியவர்களுக்குப் பளிச்சென்ற நிறத் தட்டிலும் குவளையிலும் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடுதலாக உட்கொண்டதை, 2004-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். சிறிய ஆய்வுதான், ஆனால் பின்பற்றச் செலவில்லை. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் கண்ணுக்குத் தட்டுப்படாது. வாழை இலையில் தெளிவாகத் தெரியும். இதையெல்லாம் கவனித்து மாற்றவும் ஓர் ஆள் வேண்டும்.

அப்படியானால் நகரத்துக்கே அழைத்துப் போய்விடலாமே? நோய் முற்றும்போது தனியாக விடவே முடியாது. அப்போது அதுதான் வழி. தொடக்க நிலையிலோ, பழகிய அடுப்படியை விட்டுப் பெயர்ப்பதே குழப்பத்தைக் கூட்டக்கூடும். ஊரிலேயே ஆள் வைப்பதென்றால், வெளியாளை வீட்டுக்குள் விடுவதா என்ற தயக்கம் நியாயமானது. தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதச் சம்பளம் பேசி, இரண்டு வேளை உடன் உட்காரச் சொல்வது அதற்கு விடை. யார் கையால் சமைத்தது என்று சாதி பார்க்கும் பழக்கம் குறுக்கே வந்தால், பட்டினி கிடக்கப்போவது நம் பெற்றோர்தான்.

சம்பளம் கொடுக்க வழியில்லாத குடும்பங்களுக்கு அரசுதான் துணை நிற்க வேண்டும். 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியர்களுக்கும் விரிவானது. முதியவர்களுக்குச் சோறு போடுவது தமிழக அரசுக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். அவர்கள் கையில் ஓர் எடை மெஷினையும் கொடுத்து, தனியாக இருக்கும் முதியவர்களின் எடையை மாதாமாதம் குறிக்கச் செய்யலாம். ஏற்கெனவே வாசல்வரை வருபவருக்குக் கூடுதலாக ஐந்து நிமிட வேலை. அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் பணம் அனுப்பும்போது, மதியச் சோற்றுக்கு அம்மாவின் பக்கத்தில் உட்கார ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள்.